ரிமோட் டெஸ்க்டாப்பில் பழைய மென்பொருளின் பீப் சத்தம் ஏன் கேட்பதில்லை?

போடியில் இருக்கும் சர்வரில் ஏலக்காய் பில் போடும் பழைய மென்பொருள் ஓடுகிறது, குமுளி கடையில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திறந்தால் தப்பான பதிவுக்கு அடிக்க வேண்டிய பீப் கேட்கவில்லை, அதுதானே கேள்வி?

முதலில் குமுளி கணினியில், இணைப்பதற்கு முன், ரிமோட் டெஸ்க்டாப் அமைப்புகளில் லோக்கல் ரிசோர்சஸ் பகுதிக்குப் போய் ரிமோட் ஆடியோவை இந்தக் கணினியிலேயே ஒலிக்கும்படி வையுங்கள். சர்வரில் விண்டோஸ் ஆடியோ சர்வீஸ் ஓடுகிறதா என்றும் பாருங்கள், பழைய சர்வர் பதிப்புகளில் அது நிறுத்தியே இருக்கும். அந்த இணைப்புக்குள் வேறு ஏதாவது பாட்டு கேட்கிறதென்றால் இதெல்லாம் சரி, சிக்கல் மென்பொருளில்தான்.

அது எந்த வழியில் சத்தம் எழுப்புகிறது என்பதுதான் முக்கியம். விண்டோஸின் பீப் கட்டளையைக் கூப்பிட்டால், விண்டோஸ் 7 முதல் அது உங்கள் பக்கமே வந்து ஒலிக்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து நிரலோ கணினிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரை நேரடியாகத் தொடும், ரிமோட் இணைப்புக்கு அப்படியொரு சத்தம் வந்ததே தெரியாது. அப்படியானால் பழைய டாஸ் நிரல்களை ஓட்டித் தரும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஓட்டிப் பாருங்கள், அது அந்த ஸ்பீக்கரைப் போலவே நடித்து சத்தத்தை விண்டோஸ் ஆடியோவிடம் கொடுத்துவிடும். 64 பிட் விண்டோஸில் இப்படிப்பட்ட பழைய 16 பிட் நிரல் நேராக ஓடாது என்பதால், சர்வரை மாற்றும்போதும் இதுவே கைகொடுக்கும்.

அப்புறம், மலையில் நெட் அறுந்து மறுபடி இணைந்ததும் சத்தம் போய்விட்டால், மென்பொருள் தொடங்கும்போது பிடித்த பழைய ஒலிச் சாதனத்தையே பிடித்துக்கொண்டிருக்கலாம். இணைந்த பிறகு அதை மட்டும் மூடித் திறங்கள், சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம்.