களி தின்றும் சர்க்கரை நோய் ஏன் வருகிறது?

"என் அப்பாவும் களிதான் சாப்பிட்டார், நானும் களிதான் சாப்பிடுகிறேன், அவருக்கு வராத சர்க்கரை எனக்கு ஏன் வந்தது?" என்று பாலக்கோட்டு நண்பர் கேட்டிருக்கிறார். நான் பென்னாகரத்துக்காரன், எலிகளின் தசைகளை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவன். எனவே, களியை விட்டுவிட்டுக் கால்களைப் பற்றியே பேசுகிறேன்.

களி கிண்டும் கேழ்வரகும் மாவுப்பொருள்தான்; நூறு கிராமில் ஏறத்தாழ எழுபது கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அது குளுக்கோஸாகி இரத்தத்தில் கலந்த பிறகு, இன்சுலினின் தூண்டுதலால் அதை மிகுதியாக உள்வாங்குவன எலும்போடு ஒட்டிய தசைகளே. உள்வாங்கியதில் ஒரு பகுதியை அவை கிளைக்கோஜன் என்ற சேமிப்புப் பொருளாகச் சேர்த்துவைக்கின்றன. ஈரலைப் போல அதை மீண்டும் குளுக்கோஸாக்கி இரத்தத்துக்குத் தர அவற்றால் இயலாது. ஆகவே, வேலை செய்து அந்த இருப்பைக் கரைத்தால்தான் அடுத்த வேளைக் களிக்கு அங்கே இடம் கிடைக்கும்.

இதைக் காட்டிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஸ்டாக்ஹோமில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோமும் எரிக் ஹூல்ட்மனும் செய்து 1966இல் வெளியிட்டது. இருவரும் ஒரே மிதிவண்டியின் இரு பக்கமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப்போகும்வரை மிதித்தார்கள். மறு கால் சும்மா இருந்தது. பின்பு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, இரு தொடைகளிலும் ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் கிளைக்கோஜன் மற்றதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. ஒரே வயிறு, ஒரே இரத்தம், ஒரே இன்சுலின். ஆனாலும் உழைத்த கால்தான் வாரிக்கொண்டது! (தம் தொடையிலேயே ஊசி குத்திக்கொண்ட துணிச்சலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

காரணம் பின்னாளில் விளங்கியது. குளுக்கோஸை உள்ளே கடத்தும் குளூட்-4 என்ற புரதம் தசைச் செல்லுக்குள் சிறு பைகளில் ஒடுங்கிக் கிடக்கிறது. இன்சுலின் அதைச் செல்லின் மேற்பரப்புக்கு வரவழைக்கிறது. தசை சுருங்கும்போதும், இன்சுலினை நம்பாத வேறொரு வழியாக அது வந்துசேர்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் பழுதடைவது முதல் வழி. இரண்டாவது பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. உழைத்து முடித்த பின்பும் ஓரிரு நாள்வரை அந்தத் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்குகிறது. தொடர்ந்து இரண்டு நாளுக்குமேல் நடக்காமல் இருக்க வேண்டாம் என்பது அதனால்தான்.

உங்கள் அப்பா ஏர் ஓட்டியவர் என்றும், நீங்கள் டிராக்டர் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பரம்பரை, எடை, வயது ஆகியவற்றுக்கும் பங்குண்டு என்பதால் பழி முழுவதையும் டிராக்டர்மேல் போட மாட்டேன். ஆயினும் களி அதே அளவில் இருக்க, அதைக் கரைத்த தொடைகள் ஓய்ந்துவிட்டன என்பதை மறைக்கவும் முடியாது.

நடக்கத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். என் அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே ஏரிக்கரையில் வேகமாக நடந்துவிட்டு வந்து, சர்க்கரை மிகவும் இறங்கிப்போய் வேர்த்து, கை நடுங்கித் திண்ணையில் சாய்ந்த அந்த மாலைக்குப் பிறகுதான் அவருடைய மாத்திரையின் அளவை மருத்துவர் குறைத்தார்.