கேளுங்க சொல்றோம்: கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறது யாரு?

இந்த இதழுக்கு ஆர்க்நைட்ஸ்ங்கிற ஒரே மொபைல் கேமைப் பத்தி நாலு பேர் எழுதியிருக்கீங்க, அதனால மத்த கேள்விங்களை அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: டவர் டிஃபென்ஸ்னா வர்ற வழியில ஆளை நிறுத்தி சுடுறது, அவ்ளோதானே சார்? அதுல கதைக்கு எங்க இடம்? என் ரூம்மேட் ஆர்க்நைட்ஸ் ஆடிட்டு ஒருநாள் சாப்பிடாமயே படுத்துட்டான், அதான் கேக்கறேன். (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: ஆட்டம் நீங்க சொல்றதுதான் தம்பி. சிவப்பு பொட்டியில இருந்து எதிரி கிளம்புவான், நம்ம நீல பொட்டிக்குள்ள நுழையறதுக்குள்ள மடக்கணும். கோபுரத்துக்கு பதிலா இங்க மனுஷங்க, பேரு ஆபரேட்டர்ஸ். ஒருத்தரை கட்டத்துல நிறுத்தும்போதே எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்னு முடிவு பண்ணிடணும், அப்புறம் திருப்ப முடியாது, தப்பா நிறுத்திட்டா வாபஸ் வாங்கி காத்திருந்து அதிக செலவுல மறுபடி இறக்கணும். ஷாங்காய்ல இருக்கிற ஹைப்பர்கிரிஃப் கம்பெனி பண்ணது, சீனாவுல 2019ல வந்துச்சு, மத்த நாட்டுக்கு 2020 ஜனவரியில. கதைக்கு எங்க இடம்னா, அந்த வழியில நடந்து வர்றவங்க யாருங்கிறதுல. அடுத்த கேள்வியில அதுதான் இருக்கு, படிச்சுட்டு ரூம்மேட் கிட்ட பேசுங்க.

கேள்வி: மூணாவது சாப்டர்ல மிஷா செத்ததுக்கு அப்புறம் என்னால கேமை திறக்கவே முடியல. பத்து நாளாச்சு. ஒரு கேம் எதுக்கு இப்படி பண்ணணும்? நான்தான் ஓவரா ஃபீல் பண்றேனா? (வாசகி, மதுரை)

பதில்: இல்லம்மா, ஓவர் எல்லாம் இல்ல. நானும் அந்த எடத்துல போனை கவுத்து வெச்சுட்டு எழுந்து போனவன்தான். ஆடாதவங்களுக்காக கதைய கொஞ்சம் சொல்லிடறேன். அந்த உலகத்துல ஒரிஜினியம்னு ஒரு கனிமம், வண்டி ஓடறதுல இருந்து மந்திரம் வரைக்கும் எல்லாமே அதுலதான் நடக்குது, ஆனா அது உடம்புக்குள்ள போனா ஒரிபதின்னு ஒரு நோய் வந்துரும், தோல்ல கருப்பு கருப்பா படிகம் முளைக்கும், மருந்தால தள்ளிப்போட மட்டும்தான் முடியும், குணமாகாது. செத்தாலும் விடாது, அந்த உடம்பு பொடியாகி பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒட்டும். அதனால ஊருக்குள்ள சேக்க மாட்டாங்க, சுரங்கத்துக்கு அனுப்புவாங்க, அடிச்சு துரத்துவாங்க. அப்படி துரத்தப்பட்டவங்க கூட்டம் சேந்து திருப்பி அடிக்க ஆரம்பிச்சதுதான் ரீயூனியன், அவங்கதான் நமக்கு எதிரி. நாம யாரு? ரோட்ஸ் ஐலண்ட்னு அதே நோய்க்கு மருந்து தேடற கம்பெனி. தலைவி அமியா, சின்ன பொண்ணு, அவளும் அதே நோய்க்காரி. அப்போ கோட்டுக்கு இந்தப் பக்கமும் நோயாளி, அந்தப் பக்கமும் நோயாளி.

மிஷா லுங்மென்ங்கிற நகரத்துச் சேரியில ஒளிஞ்சிருந்த பொண்ணு. நாம தேடிப் போறோம், காப்பாத்தறோம்னு அமியா வாக்கு குடுக்கிறா. ரீயூனியன் அவளை தூக்கிட்டு போகுது. அங்க போனா, மாஸ்க் போட்டுட்டு நம்ம ஆளுங்க மேல குண்டு வீசிட்டிருந்த ஸ்கல்ஷாட்டரர் அவ கூடப்பொறந்தவன்! அவன் செத்ததும் அந்த மாஸ்க்கை எடுத்து தன் முகத்துல மாட்டிக்கிட்டு நம்ம எதிர்ல வந்து நிக்கிறா. ரெண்டு சாப்டரா யாரை காப்பாத்த ஓடினோமோ அவதான் இப்போ வழியில நடந்து வர்ற எதிரி, உள்ள இருக்கிற முகம் நமக்கு தெரியும். இதை சினிமாவா பாத்திருந்தா அழுதுட்டு போயிருப்போம். இங்க ஆளை நிறுத்தினது நாம, எந்தப் பக்கம் சுடணும்னு திருப்பி வெச்சதும் நம்ம விரல். அந்த வலி இந்த மாதிரி கேம்ல மட்டும்தான் வரும், ஏன்னா டவர் டிஃபென்ஸ்ல நகர முடியாது, கோட்டை விட்டுட்டு ஓடிப்போய் அவளை கட்டிப்பிடிக்க ஒரு பட்டன் கிடையாது, நின்ன எடத்துலயே நிக்கணும்.

இன்னொண்ணு கவனிச்சீங்களான்னு தெரியல. ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் ஒரு மெடிக்கல் ரிப்போர்ட் இருக்கு, அந்த ஆளை சண்டைக்கு அனுப்ப அனுப்ப நம்ம மேல அவங்களுக்கு இருக்கிற நம்பிக்கை ஏறி ரிப்போர்ட் திறக்கும். அமியாவோடத திறந்து பாத்தீங்கன்னா செல்லுல ஒரிஜினியம் கலந்தது 19%, ரத்தத்துல படிகம் லிட்டருக்கு 0.27 யூனிட்னு லேப் ரிப்போர்ட் மாதிரியே அச்சடிச்சிருக்கும். யாரை அதிகமா சண்டைக்கு அனுப்பறோமோ அவங்க ரிப்போர்ட்டுதான் முதல்ல திறக்குது. எனக்கு அந்த நம்பரை பாத்த ராத்திரி தூக்கம் வரல.

பத்து நாள் இல்ல, ரெண்டு மாசம் கூட விட்டு வைங்க. திரும்பி போகும்போது ஒண்ணு மட்டும் தெரிஞ்சுட்டு போங்க, ஆறாவது சாப்டர்ல ஃப்ராஸ்ட்நோவான்னு ஒரு ரீயூனியன் தலைவி வர்றா, அதுவும் லேசுல விடாது. தனியா ஆடாதீங்க, அந்த கேம் ஆடற ஃப்ரெண்டு யாராச்சும் இருந்தா பக்கத்துல வெச்சுக்கோங்க.

கேள்வி: என் பையன் பத்தாவது படிக்கிறான். அந்த கேம்ல மேல சேனிட்டின்னு ஒரு நம்பர் காட்டுது, ஆட ஆட குறையுது. மனநிலை குறையுதுன்னு அர்த்தமாம். பாத்ததுல இருந்து பயமா இருக்கு. காசும் கேக்கறான். (ஒரு அம்மா, கோயம்புத்தூர்)

பதில்: அம்மா, அது உங்க பையனோட மனநிலை இல்ல, கதையில நாம ஆடற டாக்டர்ங்கிற தளபதியோடது. ஒரு சண்டைக்கு போனா குறையும், சும்மா விட்டா 6 நிமிஷத்துக்கு 1 ஏறும், ஒரு நாளைக்கு 240. தீந்துபோச்சுன்னா நிறுத்திக்கணும், அதனால உங்களுக்கு அது ஒருவகையில நல்லதுதான். ஆனா அந்த பேரை சும்மா வெக்கல. டாக்டர் பழசு எல்லாம் மறந்துபோய் கண்ணு முழிக்கிற ஆளு, முன்னாடி எவ்ளோ இரக்கமில்லாம கணக்கு போட்டவர்னு கொஞ்சம் கொஞ்சமா மத்தவங்க வாயால தெரியவரும், சில பேர் அவரை பாத்தாலே ஒதுங்குவாங்க. 2021ல வந்த அண்டர் டைட்ஸ்ங்கிற கடல் கதையில எதிரிங்க உடம்பை மட்டும் அடிக்கல, நரம்பையும் அடிக்கும், அதுக்குன்னு ஒரு மீட்டர் இருக்கு, அது தீந்தா நம்ம ஆளுக்கு கவசத்தால தடுக்க முடியாத 1000 அடி, அதோட 10 செகண்ட் ஸ்தம்பிச்சு நின்னுடுவாங்க. மனசு உடையறதை அப்படி கணக்காவே காட்டறாங்க. ரத்தம் தெறிக்கிற மாதிரி காட்சி பெருசா இருக்காது, சாவும் குற்ற உணர்ச்சியும் வசனத்துலதான் வரும், அதுவும் பக்கம் பக்கமா, தமிழ்ல கிடையாது, பையன் இங்கிலீஷ்ல படிச்சுட்டிருக்கான்னுதான் நினைக்கிறேன். படிக்கிறானா, இல்ல ஸ்கிப் பண்றானான்னு கேளுங்க. படிக்கிறான்னா கதைய உங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க. ராத்திரி தூக்கம் கெடுது, யார்கூடவும் பேசாம உக்காந்திருக்கான்னா அது வேற விஷயம், நிஜ டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, கேமை திட்டிட்டு மட்டும் விட்றாதீங்க.

காசு விஷயத்துலதான் நான் கறார். புது ஆளை எடுக்கிறது லாட்டரி மாதிரி, இருக்கிறதுலயே உசத்தியான ஆறு ஸ்டார் ஆளு வர்றதுக்கு சான்ஸ் 2%. தொடர்ந்து 50 தடவை வரலன்னா அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 2% கூடிக்கிட்டே போகும். அந்த "இன்னும் ஒரே ஒரு தடவை"லதான் பசங்க விழறாங்க. கதை பூரா காசு இல்லாமலே முடிக்கலாம், கம்மி ஸ்டார் ஆளுங்களை வெச்சே முடிச்சவங்க நிறைய. கார்டு நம்பரை போன்ல சேவ் பண்ணி வெக்காதீங்கம்மா, தயவுசெஞ்சு.

கேள்வி: ஆர்க்நைட்ஸ் முடிச்சாச்சு. இதே மாதிரி இன்னும் இருட்டா எதாச்சும் இருக்கா? (வாசகர், சென்னை)

பதில்: பாத் டு நோவேர், 2022ல வந்தது, ஐஸ்னோ கேம்ஸ். இங்க நம்ம ஆளுங்க எல்லாருமே சின்னர்ஸ், அதாவது மேனியாங்கிற ஒண்ணு தொத்தி சக்தியும் வந்து புத்தியும் தடுமாறின கைதிங்க. நாம அவங்களை அடைச்சு வெச்சிருக்கிற எடத்தோட சீஃப், சங்கிலியால கட்டிப்போட்டு சண்டைக்கு கூட்டிட்டு போறோம். ஒவ்வொருத்தரையும் தனியா உக்கார வெச்சு விசாரணை பண்ற பகுதி இருக்கு, அவங்க எப்படி இப்படி ஆனாங்கன்னு அதுலதான் வெளிய வரும், சில விசாரணைய என்னால ஒரே மூச்சுல படிக்க முடியல. ஆட்டத்துல ஒரு வித்தியாசம், நிறுத்தின ஆளை நடுவுல எடம் மாத்தலாம், ஆனா அதுக்கு எண்ணிக்கை இருக்கு. பெரியவங்களுக்கான கேம், கோயம்புத்தூர் அம்மா பையன் கையில இப்போ குடுக்க வேண்டாம். நீங்க ஆடுங்க, விசாரணைய ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம்.