படுக்கையில் விழுந்த தாயை மகனே கழுவித் துடைக்கலாமா, ஆள் வைப்பதுதான் முறையா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: அம்மாவுக்குப் பாரிசவாதம் (பக்கவாதம்), எழுந்திருக்க முடியாது, வீட்டில் வேறு பெண்கள் இல்லை. உடம்பு துடைப்பதையும் மலசலம் கழுவுவதையும் மகனாகிய நீங்கள் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதிய ஆறேழு பேரும் தாயின் பெருமையைப் பாடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது பெரியவர் ஒருவருக்குப் பம்பர்ஸ் மாற்றியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

செய்யலாம். நான் செய்தேன், பத்தொன்பது மாதங்கள். நான் வைத்தியன் அல்லன், கணக்காய்வு வேலை பார்ப்பவன். கீழே எழுதுவதில் பிழை இருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் திருத்தலாம். 'இதையெல்லாம் பொதுவெளியில் எழுத வேண்டுமா' என்று கேட்க வருபவர்கள் மட்டும் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போய்விடுங்கள்.

2021 நவம்பரில் அம்மா விழுந்தார். மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. வலக் கை, வலக் கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. நீரிழிவு முன்பே இருந்தது. அக்கா கனடாவில். நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில், மணமாகாதவன். வீட்டிலிருந்தே வேலை செய்யக் கொரோனாக் காலத்தில் பழகியிருந்தது கைகொடுத்தது.

இதில் ஒரு வேடிக்கை, என் அம்மாவே தாதி. மட்டக்களப்பில் தொடங்கிக் கொழும்பில் ஓய்வு பெறும்வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் அரச வைத்தியசாலைகளில் நின்றவர். சிறு வயதில் எங்களுக்குச் சோறு போடுமுன் "கையைக் காட்டு" என்பார். உள்ளங்கையைக் காட்டினால் போதாது. விரல் இடுக்கு, நகக்கண், பெருவிரல் எல்லாம் பார்ப்பார். பேச்சு போன பிறகு அவரிடம் மிஞ்சியது இடக் கை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் கட்டிலருகே போனதும் அந்தக் கையை மலர்த்தி நீட்டினார். பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று உருகிப்போய்ப் பிடித்தேன். உதறிவிட்டார். மறுபடியும் நீட்டினார். கையைக் காட்டு.

அதற்குப் பிறகு நான் ஈரக் கையோடு போய்க் காட்டினால்தான் பல் துலக்க வாயைத் திறப்பார். சவர்க்காரம் என்றால் தேய்த்து அலசித் துடைத்து முடிக்க நாற்பது முதல் அறுபது விநாடி ஆக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நான் பத்து விநாடியில் முடித்துவிட்டு வந்த நாட்களை அவர் எப்படியோ கண்டுபிடித்தார்.

வைத்தியசாலையில் பெண்கள் வார்டு, ஆண் துணை நிற்க முடியாது. பார்வையாளர் நேரத்தில் மட்டும் போவேன், மற்ற நேரம் சின்னம்மா. வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் ஒரு சிங்களத் தாதி திரையை இழுத்துவிட்டு, "புத்தா (மகனே), இங்கே வந்து பார்" என்று கூப்பிட்டார். அம்மாவின் இடுப்புக்குக் கீழே மடித்து விரித்திருந்த குறுக்குச் சீலையைப் பிடித்து, தோலை இழுக்காமல் எப்படித் திருப்புவது என்று அரைகுறைத் தமிழில் காட்டித்தந்தார். படுத்திருப்பவர் ஒரு காலத்தில் தன்னைப் போலத் தாதியாக இருந்தவர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் "மிஸ், இப்போது திருப்புகிறேன்" என்று சொல்லிவிட்டே தொட்டார். அரச வைத்தியசாலைத் தாதியர் எரிந்து விழுகிறார்கள் என்று எழுதுகிறவர்கள், இரவு வார்டில் எத்தனை கட்டிலுக்கு எத்தனை தாதியர் என்று எண்ணிவிட்டு எழுதட்டும்.

உங்கள் தயக்கம் எனக்குத் தெரியும். முதல் தடவை நான் போர்வையை விலக்கியபோது அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். என் கையும் நடுங்கியது. அரைமணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தத் தாதி சொன்னது நினைவுக்கு வந்து, "மிஸ்ஸி, புதிய ஆள் வேலை பழக வந்திருக்கிறேன், முதலில் இடக் கை" என்றேன். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அன்றிலிருந்து அந்த அறையில் நான் மகன் இல்லை, பயிற்சிக்கு வந்தவன். அதுவும் கொஞ்சம் மந்தமானவன். போர்வையை முழுவதும் உருவாதீர்கள். கழுவும் பகுதியை மட்டும் திறந்து, துடைத்து, மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தால் கூச்சத்தில் பாதி போய்விடும்.

துடைக்கும் முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முகம் முதலில், சவர்க்காரம் இல்லாமல். கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு மூலையால். பிறகு கை, மார்பு, வயிறு, கால். அங்கே தண்ணீரை மாற்ற வேண்டும். அதன் பிறகு முதுகு, கடைசியாக மறைவிடம், எப்போதும் முன்னிருந்து பின்னோக்கி. நான் மேலுடம்புக்கு வெள்ளைத் துவாய், கீழே நீலத் துவாய் என்று பிரித்திருந்தேன். ஒருநாள் அலுவலகத் தொலைபேசியைக் காதில் இடுக்கியபடி, நீலத் துவாயை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோய்விட்டேன். மணிக்கட்டைப் பிடித்தாரே ஒரு பிடி! எழுபத்தாறு வயதுக் கையில் அந்த வலு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தொலைபேசியைத் துண்டிக்கும்வரை விடவில்லை.

கொழும்பின் புழுக்கத்தில் மார்பின் அடியிலும் தொடை இடுக்கிலும் ஈரம் நின்றால் இரண்டே நாளில் சிவந்து வெடிக்கும். பார்க்க வரும் மாமிமார் எல்லோரும் பேபி பவுடரும் ஓடிக்கொலோன் என்ற வாசனைத் தண்ணீரும் கொண்டுவருவார்கள். பவுடர் வியர்வையோடு சேர்ந்து களியாகி மடிப்பில் உட்காரும். ஓடிக்கொலோன் மூப்பெய்திய தோலை மேலும் வறளச் செய்யும். இரண்டையும் அலமாரியில் வைத்துவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள், தேய்க்காதீர்கள். பம்பர்ஸ் படும் இடத்துக்குச் சிங்க் ஒக்சைட் களிம்பு மெல்லியதாகப் பூசினால் போதும். விரிப்புக்கு அம்மாவின் பழைய 'வாயில்' வகைப் பருத்திச் சேலைகளைக் கிழித்தேன். அவை போல மென்மையானது கடையில் கிடையாது. சுருக்கம் மட்டும் விழக்கூடாது.

வாய். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். அம்மாவுக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. "வாயால் ஒன்றும் சாப்பிடுவதில்லையே, பிறகேன் பல் தீட்டுகிறாய்?" என்று அக்கா காணொளி அழைப்பில் கேட்டார். வாயால் சாப்பிடாதவருக்குத்தான் வாய் அதிகம் காயும். நாக்கில் படை கட்டும். அதில் வளரும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா. ஒரு நாளில் இரண்டு வேளையாவது, தலையைப் பக்கவாட்டில் திருப்பிவைத்து, சிறுபிள்ளைகளின் மென்மையான தூரிகையால், தண்ணீர் உள்ளே இறங்காமல் துலக்க வேண்டும். பல்லுக்கு நடுவில் விரலை விடாதீர்கள், நான் விட்டுக் கடி வாங்கியிருக்கிறேன். குழாயில் உணவு கொடுக்கும்போதும், கொடுத்த பின் அரைமணி நேரமாவதும், தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும்.

இனி நான் சொல்லக் கூசுவது. படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை வாங்கினேன், மின்சாரத்தில் மாறி மாறி உப்பி இறங்கும் வகை. விலை கூடிய பொருள், ஆகவே அது பார்த்துக்கொள்ளும் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதை இரவில் விட்டுவிட்டேன். முதுகை மட்டும் தினமும் பார்ப்பேன், முதுகு நன்றாக இருந்தது. குதிக்கால்களுக்கு யாரோ சொன்னபடி கையுறையில் தண்ணீர் நிரப்பி அடியில் வைத்திருந்தேன். பிறகு 2022 மார்ச் முடிவில், நாட்டின் பொருளாதார நெருக்கடியில், பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தது. மெத்தை சப்பையாகிவிட்டது. பயந்துபோய்க் கையாலேயே திருப்பத் தொடங்கினேன். அன்று இரவு கைபேசி வெளிச்சத்தில் வலக் குதிக்காலைத் தூக்கினேன். நாவற்பழத்தை நசுக்கி வைத்தது போல ஒரு கருமை. அழுத்திப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது என்று பொருள். இது அந்தக் கட்டத்தையும் தாண்டியிருந்தது. நீரிழிவுக்காரருக்கு உணர்ச்சியில்லாத காலில் வந்த புண். அவர் எப்படிச் சொல்வார்?

வீட்டுக்கு வந்த வைத்தியர் உடைக்காதே, நனைக்காதே, எதிலும் படவிடாதே என்றார். தண்ணீர்க் கையுறையை எறியச் சொன்னார், அதுவும் அழுத்தும். கெண்டைக்கால் முழுவதற்கும் நீளவாக்கில் தலையணை கொடுத்துக் குதிக்காலை அந்தரத்தில் விட வேண்டும். முழங்கால் சற்றே மடிந்திருக்கலாம். சிவந்த இடத்தை உருவி விடுவதும், வளையம் போன்ற மெத்தையில் உட்கார வைப்பதும் கூடாது. நடுவில் ஓட்டை இருந்தாலும் சுற்றிலும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அந்தக் கரும்பக்கு விழுந்து புதுத்தோல் வர நாலு மாதத்துக்கு மேல் எடுத்தது. அதுவரை இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை எழுந்தேன். மெத்தை இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். இதை விற்ற கடைக்காரர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

எரிவாயு கிடைக்காத மாதங்களும் அவையே. மின்சாரம் இருக்கும் நேரத்தில் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து இரண்டு பிளாஸ்கில் அடைத்துவைப்பேன். துடைக்கும் நேரம் மின்சாரத்தின் நேரமாயிற்று.

சிறுநீர்க் குழாய் விஷயத்திலும் ஒரு தவறு செய்தேன். திருப்பும்போது பை இழுபடாமல் இருக்க அதைக் கட்டில் மேல், அவர் வயிற்றருகே வைத்துவிட்டுத் திருப்புவது என் வழக்கம். பையில் சேர்ந்தது குழாய்க்குள் திரும்பிப் போகும் என்பது எனக்கு உறைக்கவில்லை. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. அம்மா பையைப் பார்த்துப் பார்த்துக் கட்டிலைத் தட்டினார். தாகம் என்று நினைத்தேன். நாலாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல். 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்தோம். வந்த இரண்டு பிள்ளைகளும் தங்கமானவர்கள். ஆனால் எங்கள் தொடர்மாடி லிப்டுக்குள் தூக்குப் படுக்கை நுழையாது! நாலு மாடி, சீலையில் ஏந்திப் படிக்கட்டு வழியே இறக்கினார்கள்.

இதைப் பற்றி நிர்வாகக் குழுவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். லிப்டை மாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்திருக்கும் பூச்சாடிகளையும் யாருடையதோ பழைய சைக்கிளையும் எடுங்கள் என்றுதான் கேட்டேன். கடிதத்துக்குப் பதில் இல்லை. அதே மாதம் முன் சுவருக்கு வண்ணம் பூசப் பணம் கேட்டுத் துண்டு வந்தது. கடற்காற்றில் ஒரு வருடத்தில் உரிந்துவிடும் வண்ணம்! செயலாளர் இதைப் படித்தால் படிக்கட்டும். சைக்கிள் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கேள்விக்கு வருகிறேன். ஆள் வைப்பது குறைவான காரியம் இல்லை. வைக்காமல் நானே எல்லாம் செய்வேன் என்று நின்றதால்தான் அந்தக் குதிக்கால் நேர்ந்தது, தூக்கமில்லாதவன் கண்ணுக்கு ஒன்றும் படாது. பிறகு இரவுக்கு ஒரு பெண்ணை அமர்த்தினேன். எத்தனை வருட அனுபவம் என்று கேட்காதீர்கள், முதல் நாள் பேசாமல் நின்று பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு பம்பர்ஸ் மாற்றிவிட்டு, அதே கையுறையோடு தலையணையையும் உணவுக் குழாயையும் தொடுகிறாரா? வந்தவர் முதல் நாளே தொட்டார். அம்மா இடக் கையை நீட்டினார். அந்தப் பெண் அன்போடு பிடித்துக்கொண்டார். நான் செய்த அதே பிழைதான். சொன்னதும் சிரித்துத் திருந்திக்கொண்டார், கடைசிவரை இருந்தார்.

2023 ஜூனில் அம்மா போனார், நிமோனியாவில். இவ்வளவு செய்துமா என்று கேட்பீர்கள். ஆம், இவ்வளவு செய்தும்தான். குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்த சின்னம்மா, "முதுகில் ஒரு கீறல்கூட இல்லையடா" என்றார். குதிக்காலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்று எழுத மறந்தேன். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் இன்றே இழுத்து நடுவில் போடுங்கள், இரண்டு பக்கமும் நின்றால்தான் திருப்ப முடியும். எனக்கு அதற்கு மூன்று வாரம் எடுத்தது, தொலைக்காட்சி மேசையை வெளியேற்ற மனம் வரவில்லை. மோதிரம் போட்டிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். அதன் அடியில் சவர்க்காரம் போகாது, வயதானவர் தோலையும் கிழிக்கும்.