அமெரிக்காவில் ஆலைகளுக்குத் தற்காலிக ஆட்களை அனுப்பும் ஏஜென்சிகளுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு ஏன் தலைவலியாகிறது?

பணியிடம் ஒருவருடையது, வேலையில் காயமடைவோருக்கு இழப்பீடு தரும் இந்தக் காப்பீட்டின் பொறுப்பு இன்னொருவருடையது என்பதுதான் அடிப்படைச் சிக்கல். ஊதியம் தருபவர் என்ற முறையில் பெரும்பாலும் ஏஜென்சியே காப்பீடு எடுக்கிறது. ஆனால் இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு வேலை வாங்குவது ஆலையின் மேற்பார்வையாளராக இருக்கலாம்.

பிரீமியம், ஒவ்வொரு வேலை வகைக்கும் உரிய குறியீட்டின்படி, 100 டாலர் ஊதியத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. குறைந்த விகிதமுள்ள வேலைக்கென்று அனுப்பப்பட்டவரை ஆலை இரண்டாம் நாளே அழுத்த இயந்திரத்தின் முன் நிறுத்திவிட்டால், ஆண்டிறுதித் தணிக்கையில் தெரியவரும் கூடுதல் பிரீமியம் ஏஜென்சியின் தலையில் விழும். ஆலையிடம் பேசி முடித்த கட்டணமோ அப்படியே இருக்கும். விபத்தும் நேர்ந்துவிட்டால், பொதுவாக மூன்று ஆண்டு இழப்பு விவரங்களைக் கொண்டு கணிக்கப்படும் அனுபவ விகிதம் (பிரீமியத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் பெருக்கெண்) உயர்ந்து, அதன் சுமை அடுத்தடுத்த புதுப்பித்தல்களிலும் தொடரும்.

மாநிலச் சட்டங்களும் ஒரே சீராக இல்லை. ஒஹாயோ, வாஷிங்டன், வயோமிங், வடக்கு டகோட்டா ஆகியவற்றில் தனியார் நிறுவனங்கள் இக்காப்பீட்டை விற்க முடியாது. டெக்சஸிலோ பெரும்பாலான தனியார் முதலாளிகளுக்கு இது கட்டாயமே இல்லை.

எழுத்துபூர்வ ஒப்புதலின்றி வேலையை மாற்றக் கூடாது என்ற விதியை ஒப்பந்தத்தில் சேர்ப்பதும், ஆளை அனுப்புமுன் ஆலையை நேரில் பார்ப்பதும், மலிவான பாலிசியைத் தேடி அலைவதைவிட அதிகம் பலன் தரும் என்பது என் கருத்து.