அறுவடை செய்த கெல்ப் (பெரிய கடற்பாசி) படுகை மீண்டுவிட்டதா என்பதைக் கடல் உயிரினங்களைக் கொண்டு அறிய முடியுமா?

முடியும். பாசியின் உயரத்தை அளப்பதைவிட, அதில் குடியிருக்கும் உயிரினங்களை எண்ணிப் பார்ப்பதே நம்பத்தக்க வழி என்பது என் உறுதியான கருத்து. இதற்கு நான் அறிந்தவற்றுள் தெளிவான சான்று நார்வேயின் மேற்குக் கடற்கரை.

அங்கே லாமினேரியா ஹைப்பர்போரியா என்னும் பெரிய பழுப்புப் பாசியை, ஆல்ஜினேட் என்னும் கெட்டியாக்கும் பொருளை எடுப்பதற்காக, படகின் பின்னே இழுத்துச் செல்லும் இரும்பு வாரியால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,50,000 டன் அளவுக்கு அறுவடை செய்கிறார்கள். கடற்கரையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு முறை வாரிய பின் பொதுவாக 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையே மீண்டும் வார விடுகிறார்கள். பெரிய செடிகளின் நிழலில் ஒடுங்கிக் கிடந்த இளஞ்செடிகள் வாரிக்குத் தப்பிவிடுவதால், வெளிச்சம் கிடைத்ததும் விரைந்து வளர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே படுகையை மூடிவிடுகின்றன. மேலிருந்து பார்ப்பவருக்குக் காடு திரும்பிவிட்டதாகத்தான் தோன்றும்.

ஆனால் முதிர்ந்த கெல்ப் ஒன்று தனிச் செடி மட்டுமன்று, அது ஒரு குடியிருப்பு. பாறையைக் கவ்விக்கொள்ளும் வேர் போன்ற பற்றுறுப்பின் இடுக்குகளிலும், சொரசொரப்பான தண்டில் ஒட்டி வளரும் சிவப்புப் பாசிகளிலும் சிறு நத்தைகள், புழுக்கள், இறாலுக்கு உறவான நுண்ணிய ஓட்டுடலிகள் என ஒரே செடியில் சராசரியாக ஏறத்தாழ 8,000 உயிர்கள் வாழ்வதை நார்வே ஆய்வாளர்கள் எண்ணிக் கண்டிருக்கிறார்கள். பற்றுறுப்பு பருத்து இடுக்குகள் பெருகுவதற்கும், தண்டில் சிவப்புப் பாசி அடர்வதற்கும் செடி உயர்வதைவிட நெடுங்காலம் பிடிக்கிறது. 1998இல் வெளிவந்த ஆய்வில், பெரும்பாலான இனங்கள் ஓராண்டுக்குள் தலைகாட்டினாலும், சில இனங்கள் மிக மெதுவாகவே திரும்பின. 5 ஆண்டுச் சுழற்சி செடிக்குப் போதும். குடிகளுக்குப் போதாது என்றே இதிலிருந்து நான் கொள்கிறேன்.

மீன்களும் பறவைகளும் இதையே வேறு அளவில் காட்டுகின்றன. 2010இல் வெளியான மற்றோர் ஆய்வில், புதிதாக வாரப்பட்ட இடங்களில் 15 செ.மீ.க்கும் குறைவான காட் இன மீன்கள், வாராத இடங்களைவிட 92 விழுக்காடு குறைந்திருந்தன. அவற்றைத் தின்னும் பெரிய நீர்க்காகங்கள் கெல்ப் மூடிய, வாராத இடங்களில் இரைதேடுவதையே விரும்பின. கடலில் இறங்காமலே எண்ணத்தக்க பறவை என்பதால் நீர்க்காகம் வசதியான அடையாளந்தான். எனினும் அதன் எண்ணிக்கை வேறு பல காரணங்களாலும் ஏறி இறங்கும். அதை மட்டும் நம்பி ஒரு படுகையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

உடலெங்கும் முள் கொண்ட, பாசியை மேயும் உருண்டையான கடல் உயிரியான கடல் முள்ளெலியின் கணக்கு நேர்மாறானது. அது பெருகினால் ஆபத்து. வட நார்வேயில் 1970களிலிருந்து பச்சைக் கடல் முள்ளெலிகள் கெல்ப் காடுகளை மேய்ந்து வெறும் பாறையாக்கியதை நினைவில் வைத்தால், வாரிய படுகையில் அவற்றை ஆண்டுதோறும் எண்ணுவதன் தேவை விளங்கும்.

நடைமுறையில், அருகே ஒருபோதும் வாராத படுகை ஒன்றை ஒப்பீட்டுக்கு ஒதுக்கி, வாரும் முன்பும் பின்பும் இரண்டிலிருந்தும் ஒரே பருவத்தில் சில செடிகளைப் பற்றுறுப்போடு துணிப்பைக்குள் மூடி எடுத்து, உயிர்களை இனம்பிரித்து எண்ண வேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் ஒரே ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.