ஒரு பக்கத்துக்கு எத்தனை வினவல்கள்?

இணையதளங்கள் எழுதும் மொழியான பிஎச்பி, அதில் எழுதப்பட்ட ஃபிரேம்வொர்க்கான (அடிக்கடி தேவைப்படும் வேலைகளைத் தயாராகத் தரும் தொகுப்பு) லாரவெல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: லாரவெலில் ஓர் ஆர்டர் பட்டியல் பக்கம் செய்தேன். என் கணினியில் உடனே திறந்தது. வாடிக்கையாளர் பயன்படுத்தத் தொடங்கி மூன்று மாதம் ஆனபின் 8 விநாடி எடுக்கிறது. பெரிய சர்வருக்கு மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பக்கம் ஒருமுறை திறக்கும்போது தரவுத்தளத்துக்கு எத்தனை வினவல்கள் (தகவல் கேட்கும் கோரிக்கைகள்) போகின்றன என்று முதலில் எண்ணுங்கள். நீங்கள் அனுப்பிய நிரலில், ஆர்டர்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சுற்றிவரும்போது வாடிக்கையாளர் பெயரையும் அச்சிடுகிறீர்கள். பார்வைக்கு அது சாதாரண வரி. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது ஓசையில்லாமல் தரவுத்தளத்துக்குப் போய் ஒரே ஒரு வாடிக்கையாளரைக் கேட்டு வாங்கி வருகிறது. ஆர்டர் 100 என்றால், பட்டியலுக்கு ஒரு வினவல், பெயர்களுக்கு 100 வினவல்கள். அடுத்த வரியில் பொருள்களின் எண்ணிக்கையையும் காட்டுகிறீர்கள். அதற்கு இன்னொரு 100. ஆக மொத்தம் 201. உங்கள் கணினியில் சோதனைக்கு வைத்திருந்தது ஐந்தாறு ஆர்டர்களாக இருந்திருக்கும். அதனால்தான் அங்கே எதுவும் தெரியவில்லை.

இதற்கு மருந்து எளிது. ஆர்டர்களை எடுக்கும்போதே ‘வித்’ என்று சேர்த்து வாடிக்கையாளரையும் கேட்டுவிடுங்கள். அந்த 100 பேரும் ஒரே வினவலில் வந்துவிடுவார்கள். எண்ணிக்கை மட்டும் போதும் என்கிற இடத்தில் பொருள்களையே இழுத்துவராமல் ‘வித்கவுன்ட்’ போடுங்கள். அந்த எண்ணிக்கை ஆர்டர்களை எடுக்கும் வினவலோடு சேர்ந்தே வந்துவிடும். 201 என்பது இரண்டாகிவிடும். பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரிக்க ‘பேஜினேட்’ இருக்கிறது. மூன்று மாதத்து ஆர்டர்களையும் ஒரே திரையில் எவரும் படிக்கப்போவதில்லை.

இதைக் கண்ணால் மட்டும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நான் எந்தத் திட்டத்தைத் தொடங்கினாலும் முதல் நாளே இரண்டு காரியம் செய்துவிடுவேன். ஒன்று, டீபக்பார் என்ற சோதனைக் கருவியை நிறுவுவது. பக்கத்தின் அடியிலேயே வினவல்களின் எண்ணிக்கையைக் காட்டிவிடும். இரண்டாவது, செயலி தொடங்கும்போது ஓடும் ஆப்சர்வீஸ்புரொவைடர் கோப்பில் ‘பிரிவென்ட்லேசிலோடிங்’ என்ற வரியை, சர்வரில் இயங்காமல் என் கணினியில் மட்டும் இயங்கும்படி சேர்ப்பது. சுற்றுக்குள் இப்படி ஒரு வினவல் ஒளிந்திருந்தால் அந்தப் பக்கம் பிழை காட்டி நின்றுவிடும். வாடிக்கையாளர் பொறுமை இழந்து கூப்பிடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று. நீங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி, அயல் திறவுகோல் (ஓர் அட்டவணையை இன்னோர் அட்டவணையோடு இணைக்கும் நெடுவரிசை) அமைத்தால் அதற்கு இன்டெக்ஸையும் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) தானே உருவாக்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்யாது. பொருள் அட்டவணையில் ஆர்டர் எண் உள்ள நெடுவரிசைக்கு நீங்களே இன்டெக்ஸ் போட வேண்டும். இதையெல்லாம் முடித்தபிறகும் பக்கம் மெதுவாகவே இருந்தால் சர்வரைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: அமைப்புகளை எழுதிவைக்கும் ‘என்வ்’ கோப்பில் உள்ள மதிப்பு என் கணினியில் கிடைக்கிறது, சர்வரில் வெறுமையாக வருகிறது. கோப்பு சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: சர்வரில், எல்லா அமைப்புகளையும் ஒரே கோப்பாகத் தொகுத்துவைக்கும் ‘கான்ஃபிக் கேச்’ கட்டளையை ஓட்டியிருப்பீர்கள். ஓட்டியது நல்லதுதான். ஆனால் அதன்பிறகு லாரவெல் ‘என்வ்’ கோப்பைத் திறந்தே பார்க்காது. ஆகவே கோரிக்கையைக் கையாளும் கன்ட்ரோலருக்குள்ளோ திரையில் தெரிவதை எழுதும் பிளேடு பக்கத்துக்குள்ளோ ‘என்வ்’ என்று நேரடியாகக் கேட்டால் கையில் எதுவும் வராது. கான்ஃபிக் கோப்புறைக்குள் இருக்கும் கோப்புகளில் மட்டும் ‘என்வ்’ எழுதுங்கள். மற்ற எல்லா இடத்திலும் ‘கான்ஃபிக்’ வழியாகவே கேளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆர்டர் வந்ததும் கடைக்காரருக்கு மின்னஞ்சல் போக வேண்டும். அவருடைய முகவரியை கன்ட்ரோலரில் ‘என்வ்’ கொண்டு எடுத்திருந்தேன். ஓர் இரவு முழுவதும் ஆர்டர்கள் பதிவாயின, ஒரு மின்னஞ்சல்கூடப் போகவில்லை. காலையில் அவருடைய குரலைக் கேட்டபோது அடிவயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அன்று முதல், சர்வருக்கு அனுப்புவதற்கு முன் என் கணினியிலும் ஒருமுறை கான்ஃபிக் கேச் ஓட்டி எல்லாப் பக்கங்களையும் திறந்து பார்த்துவிட்டு, பிறகு அதை நீக்கிவிடுவேன்.

கேள்வி: படிவத்தை அனுப்பினால் 419 என்ற பிழை வருகிறது. அதற்குக் காரணமான சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்புச் சோதனையை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உங்கள் தளத்தில் உள்நுழைந்திருக்கும் ஒருவரின் உலாவியைக் கொண்டே வேறொரு தளம் அவருக்குத் தெரியாமல் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கும் பூட்டு அது. படிவத்துக்குள் ‘சிஎஸ்ஆர்எஃப்’ வரி விடுபட்டிருக்கும். அல்லது படிவத்தைத் திறந்துவைத்து நெடுநேரம் ஆகியிருக்கும். அமர்வின் (செஷன்) ஆயுள் இயல்பாக 120 நிமிடம்தான். பணம் செலுத்தும் சேவை தானாக அனுப்பும் அறிவிப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள், அங்கேயும் அதன் கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டு.

கேள்வி: அட்டவணையின் அமைப்பை எழுதிவைக்கும் பழைய மைக்ரேஷன் கோப்பிலேயே புதிய நெடுவரிசையைச் சேர்க்கலாமா?

பதில்: உங்கள் கணினியைத் தவிர வேறெங்கும் அது ஓடவில்லை என்றால் சேர்க்கலாம். ஓடிவிட்டது என்றால் புதிய கோப்புதான். ஓடிய கோப்பின் பெயரை லாரவெல் ஓர் அட்டவணையில் குறித்துவைத்திருக்கிறது. பெயர் அங்கே இருந்தால், உள்ளே என்ன மாறியிருந்தாலும் மறுபடி ஓட்டாது. ‘மைக்ரேட் ஃபிரெஷ்’ ஓட்டினால் சரியாகிவிடும் என்று சர்வரில் கை வைத்துவிடாதீர்கள். அது எல்லா அட்டவணைகளையும் அழித்துவிட்டுத்தான் தொடங்கும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. நேராக லாரவெல் கற்கலாமா, வெறும் பிஎச்பியில் தொடங்க வேண்டுமா? ‘பழைய மொழி, எதற்கு?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

பதில்: பிஎச்பி 1995இல் வெளிவந்தது, லாரவெல் 2011இல். இடையில் அந்தப் பதினாறு ஆண்டுகளில் எத்தனையோ பேர் திரும்பத் திரும்பக் கையால் எழுதிய வேலைகளைத்தான் ஃபிரேம்வொர்க் இன்று ஒரே வரியில் செய்து தருகிறது. அந்த வரிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாதவர், அது தவறும் நாளில் திகைத்து நிற்பார். மேலே கேட்டிருக்கும் நால்வருக்கும் நேர்ந்தது அதுதான்.

அதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சொல்லமாட்டேன். இரண்டு வாரம் போதும். வெறும் பிஎச்பியில் ஓர் உள்நுழைவுப் பக்கம் எழுதுங்கள். தரவுத்தளத்தோடு பேச பிஎச்பியின் பிடிஓ; வினவலுக்குள் பயனர் தட்டச்சு செய்ததை ஒட்டாமல், வினவலை முன்பே தயார்செய்து (பிரிப்பேர்) அதைத் தனியாகக் கொடுங்கள். கடவுச்சொல்லைத் திருப்பிப் படிக்க முடியாத வடிவில் சேமிக்க ‘பாஸ்வேர்ட் ஹாஷ்’. உள்நுழைந்ததும் அமர்வின் அடையாள எண்ணை மாற்றுங்கள். பயனர் கொடுத்த எதையும் திரையில் காட்டும்முன், அது நிரலாக இயங்காமல் வெறும் எழுத்தாகத் தெரியும்படி ‘எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்’ வழியாக அனுப்புங்கள். பிளேடின் இரட்டை அடைப்புக்குறி உங்களுக்காகச் செய்வது இதைத்தான்.

பிறகு பதிவுப் படிவம் ஒன்று செய்து, உலாவியின் டெவலப்பர் கருவியில் ‘அட்மின்’ என்று ஒரு புலத்தை நீங்களே கூட்டி அனுப்பிப் பாருங்கள். வந்ததை எல்லாம் அப்படியே அட்டவணையில் சேர்க்கும் நிரல் என்றால், அடுத்த நொடியே நீங்கள் நிர்வாகி. மாடலில் (அட்டவணையைக் குறிக்கும் வகுப்பு), நிரப்ப அனுமதிக்கும் புலங்களைச் சொல்லும் ‘ஃபில்லபிள்’ பட்டியல் ஏன் இருக்கிறது, வந்த எல்லாவற்றையும் எடுக்கும் ‘ரிக்வெஸ்ட் ஆல்’ என்பதை விட்டு, சரிபார்த்தவற்றை மட்டும் எடுக்கும் ‘வேலிடேட்டட்’ எழுதச் சொல்வது ஏன் என்று அப்போது எவரும் விளக்க வேண்டியிருக்காது.

அந்தக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். லாரவெலில் அதே உள்நுழைவை எழுதி முடித்ததும் இரண்டையும் அருகருகே திறந்து வைத்து, எந்த வரி எந்த வரிக்குள் போய் மறைந்தது என்று தேடுங்கள். புலப்படாத இடங்களைக் குறித்து அனுப்புங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.