சாவிக் கீறலுக்கு ரப்பிங் போதுமா, பெயிண்டே அடிக்க வேண்டுமா?

கேள்வி: அடர்நீல மெட்டாலிக் நிறத்தில் ஹேட்ச்பேக் கார் வைத்திருக்கிறேன், வாங்கி நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. வீடு தூத்துக்குடியில், கார் நிற்பது தெருவில். போன வாரம் யாரோ சாவியால் ஓட்டுநர் பக்க முன்கதவிலிருந்து பின்கதவு வரை நீளமாகக் கீறிவிட்டார்கள். பின் பம்பரில் சுவரில் உரசிய வெள்ளைத் தடம் ஒன்று இருக்கிறது. பானெட்டை வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். பாலிஷ் கடைக்காரர், மெஷின் போட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்கிறார். பாடி ஷாப்பில், இரண்டு கதவுக்கும் முழுதாகப் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவரும் கீறலின் ஆழத்தைப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை; அவரவர் கையில் உள்ள வேலையைச் சொல்லியிருக்கிறார்கள். பானெட்டுக்குப் பாலிஷ் போதும், பம்பருக்கு அதுகூடத் தேவைப்படாமல் போகலாம். கதவுக் கீறலுக்கு மட்டும்தான் உண்மையில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவு வரும்வரை கதவில் பாலிஷோ வாக்ஸோ படவே வேண்டாம். பல பாலிஷ்களில் கீறலைத் தற்காலிகமாக நிரப்பி மறைக்கும் எண்ணெய்ப் பொருள்கள் உண்டு. நாலு முறை கழுவினால் கோடு திரும்ப வந்து நிற்கும். சிலிக்கான் கலந்ததாக இருந்தால், பின்னால் பெயிண்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

இன்றைய கார்களில் நிறம் மேற்பரப்பில் இல்லை. தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான் வரும். ஏ4 தாள் ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 100 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50. பளபளப்பு இருப்பதும் வெயிலைத் தாங்குவதும் அந்த மெல்லிய படலம்தான். ரப்பிங் செய்தால், அதாவது காம்பவுண்ட் என்ற சொரசொரப்பான பசை வைத்துத் தேய்த்தால், பள்ளம் நிரம்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து, கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குகிறோம். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போய்விடும், போனது போனதுதான். ஆகவே, "கோடு துளிகூடத் தெரியக் கூடாது" என்ற பிடிவாதத்துக்கு விலை உண்டு. நிழலில் நின்று தேடிப் பார்த்தால்தான் தெரியும் என்ற அளவுக்கு வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடச் சொல்வேன்.

இப்போது கதவுக்கு வருவோம். ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில் உலரவிட்டு, மொபைல் டார்ச்சைக் கதவோடு ஒட்டியபடி சாய்வாகப் பிடித்துக் கீறலை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். சாவிக் கீறல் நெடுக ஒரே ஆழத்தில் இருப்பது அபூர்வம். கை அழுத்தித் தொடங்கிய இடத்திலும், கதவின் மடிப்புக் கோட்டைக் கடக்கும் இடத்திலும் ஆழமாகவும், நடுவில் மேலோட்டமாகவும் இருக்கும். வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் பிரைமர் என்று எண்ணிவிடாதீர்கள். கிளியர் கோட்டின் உடைந்த விளிம்புகள் ஒளியைச் சிதறடிப்பதாலும் கோடு வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்ததும் கோடு மறைந்தால் கீறல் கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். நனைந்த பிறகும் சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் நிறம் அறுந்து பிரைமர் வெளியே வந்துவிட்டது. உலோகம் மின்னினாலோ பழுப்பு ஏறியிருந்தாலோ தகடு வரை போயிருக்கிறது. நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கும் இடங்களில் பாலிஷ் மட்டும் கைகொடுக்காது. அந்த இடங்களையெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் செய்துகொண்டால், கடைக்காரரிடம் பேசும்போது உங்கள் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

மேலோட்டமான பகுதிகளை மெஷினும் காம்பவுண்டும் எடுத்துவிடும். கிளியர் கோட்டுக்குள்ளேயே, ஆனால் சற்று ஆழமாக உள்ள பகுதிக்கு வாட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேவை: 2000 நம்பரில் தொடங்கி 3000-இல் முடித்து, அதன் பிறகு காம்பவுண்ட், கடைசியில் மென்மையான பாலிஷ். தாளைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சிறு ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே லேசாகத் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் மட்டும் குழிந்துவிடும். வழிந்து வரும் கரைசலின் மேல் கண் இருக்கட்டும். அது பால் வெள்ளையாக வரும்வரை நீங்கள் கிளியர் கோட்டில்தான் இருக்கிறீர்கள். நீலச் சாயல் தட்டினால் அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். பேஸ் கோட் வந்துவிட்டது, இனி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. (கிளியர் கோட் இல்லாத பழைய கார்களில் முதல் தேய்ப்பிலேயே காரின் நிறம்தான் இறங்கும், அது வேறு கதை.) கதவின் விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் எளிதில் தேய்ந்துவிடும், அங்கே டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினையே தொட வேண்டும். முதல் தடவை செய்பவர் என்றால் வாட்டர் பேப்பர் வேலையைக் கைதேர்ந்தவரிடம் விடுங்கள். அவர் பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்திருந்தால் இன்னும் நல்லது. 300 மைக்ரானுக்கு மேல் காட்டினால், அந்தக் கதவு முன்பே ஒருமுறை பெயிண்ட் பார்த்தது என்றும், அடியில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) இருக்கலாம் என்றும் சந்தேகப்படலாம்.

பிரைமரோ தகடோ தெரியும் இடங்களை உங்கள் ஊரில் தள்ளிப்போடக் கூடாது. உப்புக்காற்றில் திறந்து கிடக்கும் தகட்டில் துரு பிடித்தால் ஓரத்துப் பெயிண்டையும் தூக்கிக்கொண்டு பரவும். காரின் நிறக் குறியீட்டு எண் கதவுத் தூணிலோ என்ஜின் அறையிலோ உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். அதைக் கொடுத்து, சிறு இடங்களைத் தொட்டு நிரப்பும் டச்சப் பெயிண்ட் வாங்குங்கள். துரு இருந்தால் சுரண்டி எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, தகடு தெரியும் இடத்தில் பிரைமர் தொட்டு, பல்குத்தும் குச்சியின் நுனியாலோ மிக மெல்லிய தூரிகையாலோ பள்ளத்துக்குள் மட்டும் நிறத்தை விடுங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் காய்ந்ததும் சுருங்கிப் பள்ளமாகிவிடும். மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, இடையில் நன்றாகக் காயவிட்டு வைக்க வேண்டும். அதன்மேல் டச்சப் கிளியர். சில நாள் ஆறவிட்டு, மேடாக நிற்பதை 2500 நம்பர் தாளால் மட்டம் செய்து பாலிஷ் போடலாம். இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மெட்டாலிக் நிறத்தில் டச்சப் முழுதாக மறையாது. ஸ்பிரேயில் அலுமினியத் துகள்கள் படுக்கும் விதம் வேறு, தூரிகையில் படுக்கும் விதம் வேறு. துருப் பிடிப்பது நின்றுவிடும், பத்தடி தள்ளி நின்றால் கண்ணில் படாது. அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பிரைமர் தெரியும் இடம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் டச்சப்போடு விட்டுவிடுவதே என் கட்சி. தொழிற்சாலையில் வெறும் கூடாக இருக்கும்போதே காரை அடுப்பில் ஏற்றி, மேல்பூச்சைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறுக வைக்கிறார்கள். வயரும் பிளாஸ்டிக்கும் மாட்டிய காரை எந்த பெயிண்ட் பூத்திலும் (பெயிண்ட் அடிக்கும் அறை) அப்படிச் சூடாக்க முடியாது. அங்கே 60 டிகிரி அளவில் வேலை முடியும். நல்ல பூத்தில் அடித்த பெயிண்ட் பல ஆண்டுகள் உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் முதல் பெயிண்டை ஒரு கீறலுக்காக இழப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

இரண்டு கதவிலும் பாதி நீளத்துக்கு மேல் பிரைமர் தெரிகிறது என்றால் பாடி ஷாப்காரர் சொன்னது சரி. அப்போது அவரிடம் கறாராகப் பேசுங்கள். தகடு நசுங்கவில்லை என்றால் பட்டி எதற்கு என்று கேளுங்கள். கீறலுக்கு, மேற்பரப்பைச் சமப்படுத்தும் பிரைமர் சர்ஃபேசரே பெரும்பாலும் போதும். கைப்பிடியையும் ரப்பர் பீடிங்கையும் கழற்றிவிட்டு அடிப்பாரா, சுற்றி டேப் ஒட்டி அடிப்பாரா? டேப் ஒட்டிய விளிம்பில்தான் பின்னால் பெயிண்ட் உரியத் தொடங்கும். மெட்டாலிக் நிறமாதலால், ஷேடு வித்தியாசம் தெரியாமலிருக்க கதவுகளை ஒட்டியுள்ள முன் ஃபெண்டரிலும் பின் குவார்ட்டர் பேனலிலும் நிறத்தை மங்கலாக இழுத்துக் கலக்க வேண்டியிருக்கலாம்; அந்தச் செலவும் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். காரை எடுக்கும்போது கடையின் டியூப் லைட்டில் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். வெளியே வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

பம்பருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வெள்ளை பெரும்பாலும் சுவரின் பெயிண்ட். உங்கள் பெயிண்ட் போனதாக இருக்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு, போகவில்லை என்றால் துளி காம்பவுண்ட் வைத்துக் கையாலேயே தேய்த்தால் போதும். தின்னர் வேண்டாம். அடியில் கீறல் இருந்தாலும் பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, அவசரமில்லை. பற்பசை வைத்தியம் சொல்ல நாலு பேர் வருவார்கள். பற்பசையும் ஒரு தேய்ப்புப் பொருள்தான், ஆனால் அதன் துகள் பெயிண்டுக்கென்று அளவெடுத்துச் செய்ததல்ல; இடத்தை மங்கலாக்கிவிட்டுப் போகும்.

பானெட்டின் வட்டக் கோடுகள் யாரும் வேண்டுமென்று போட்டவையல்ல. காலையில் தூசியோடு உலர்ந்த துணியால் "பளிச்" என்று துடைக்கிறோமே, அதன் வேலை. டூயல் ஆக்‌ஷன் மெஷின், ஃபோம் பேட், மென்மையான பாலிஷ் என்று ஒரு சாண் இடத்தில் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலேயே கோடு மறைந்தால் காம்பவுண்ட் பக்கமே போக வேண்டாம். வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷின் சூடேற்றி பெயிண்டைக் கருக்கிவிடும். பழகிய கை என்றால் மட்டும் சம்மதியுங்கள்.

இன்சூரன்ஸில் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முழுக் காப்பீட்டில் இது கிடைக்கும். ஆனால் கணக்குப் போடுங்கள். 1500 சிசி வரை கட்டாயமாக 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு) இல்லையென்றால் பெயிண்ட் பொருள் செலவில் பாதியைக் கழிப்பார்கள். பெரிய இழப்பு நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு. நான்கு ஆண்டுகளாக கிளெய்ம் செய்யாதவர் என்றால் இப்போது 45 சதவீதக் கழிவில் இருப்பீர்கள். அடுத்த ஆண்டு 50 ஆக வேண்டியது பூஜ்யமாகிவிடும். கழிவுக்கு முந்தைய சொந்தச் சேத பிரீமியம் 10,000 ரூபாய், அது மாறவில்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு 5,000, அதற்கடுத்து 3,000, பிறகு 2,500 என மூன்று புதுப்பிப்பில் 10,500 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். பிடித்தமெல்லாம் போகக் காப்பீட்டிலிருந்து கிடைக்கும் தொகை அதைத் தாண்டினால் மட்டும் கிளெய்முக்குப் போங்கள். போனஸ் பாதுகாப்பு எடுத்திருந்தால் அதன் நிபந்தனையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெயிண்ட் அடித்துவிட்டால் முதல் ஒரு மாதம் அந்தக் கதவுகளுக்கு வாக்ஸ், செராமிக் கோட்டிங் எதுவும் வேண்டாம். உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். வெறும் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும்.